பழுதான பெட்டியும் படித்த பாடமும்

 

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். குளிர்சாதனப் பெட்டி ஒன்று பழுதானதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினேன். அந்தப் பெட்டிக்குள் என் லாத்தாவின் உயிரே அடங்கியிருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று.

லாத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், துபாயில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டுத் தரங்கம்பாடிக்கே திரும்பி வந்தவர். வந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கினார். முன்பு அதனை வைத்திருந்தவர் பயண வீடாக மாற்றியமைத்திருந்தார். படுப்பதற்கு இரண்டு பலகைகள், ஒரு சிறிய அடுப்பங்கரை, தண்ணீர்த் தொட்டி என எல்லாமே அதில் இருந்தன. திரைப்படத் துறையினரின் புண்ணியத்தில் 'கேரவன்' என்னும் சொல் நம் மக்களுக்குப் பழகிவிட்டது. கேரள அரசு 2021இல் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டத்தையும் அறிவித்தது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கோ மச்சானின் வண்டி 'ஓடுற வூடு'தான்.

அந்த வண்டியில் மச்சான் பெருமையாகக் காட்டும் பொருள் ஒன்று உண்டென்றால் அது குளிர்சாதனப் பெட்டியே. ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களுடன் கப்பலில் கொண்டுவந்தது. சமையல் எரிவாயுவிலும் இயங்கும். வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும். வீட்டு மின்சாரத்திலும் இயங்கும். "சத்தமே கேக்காது தம்பி, உள்ளே மோட்டாரே கிடையாது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்வார்.

மே மாதத்தில் முத்துப்பேட்டை, தொண்டி, கீழக்கரை என்று உறவினர் வீடுகளுக்குச் சென்று, அப்படியே கன்னியாகுமரி வரை போய்வரத் திட்டமிட்டார்கள். லாத்தா பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு மாதத்திற்கான மருந்துப் புட்டிகளை வண்டியின் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் பால் திரிந்தது. பால் விற்றவரைக் குறை கூறினார்கள். நான்காம் நாள் குழம்பு புளித்தது. வெயிலைக் குறை கூறினார்கள். பெட்டியைத் திறந்து கைவைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. அதன் முன்பக்கத்துச் சிறு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழக்கரையை அடைந்தபோது லாத்தாவுக்கு அடங்காத தாகம், ஓயாத களைப்பு, பிறகு வாந்தி. மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை 438. "ஒரு வேளைகூடத் தவறாமல் ஊசி போட்டேனே!" என்று லாத்தா அழுதிருக்கிறார். மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்?"

இன்சுலின் ஒரு புரதப் பொருள். திறக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சியில் வைக்க வேண்டும். திறந்து பயன்படுத்தத் தொடங்கியதை, வெயில் படாத, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வரை வெளியில் வைத்துக்கொள்ளலாம் என்பது பெரும்பாலான வகைகளுக்குப் பொருந்தும். சரியான கணக்கை மருந்துடன் வரும் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாத வெயிலில் மூடிக்கிடக்கும் வேனுக்குள் 40 டிகிரியைத் தாண்டுவது எளிது. அந்த வெப்பத்தில் நாட்கணக்கில் கிடந்த இன்சுலின் தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. உறைந்துபோனாலும் அதே கதிதான். இதில் கொடுமை என்னவென்றால், கெட்டுப்போன மருந்து கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றக்கூடும். திரிந்த பால் தன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டது. பக்கத்திலேயே இருந்த மருந்து சொல்லவில்லை.

அல்லாஹ்வின் கருணையால் மூன்று நாட்களில் லாத்தா தேறினார். புதிய இன்சுலினை ஊர்வரை கொண்டுவந்து சேர்க்க மச்சானுக்குக் கைகொடுத்தது மீனவர்களின் வழக்கம். ஒரு தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியை நிரப்பி, மருந்தைத் துணியில் சுற்றி ஒரு டப்பாவுக்குள் வைத்து, டப்பா பனிக்கட்டியைத் தொடாதவாறு நடுவில் தடுப்பு வைத்துக் கொண்டுவந்தார். உருகும்போது ஒரு கிலோ பனிக்கட்டி உறிஞ்சிக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சுடவைக்கப் போதுமானது. இந்த ஆற்றலை நம்பித்தான் அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பல் கப்பலாகப் பனிக்கட்டி நம் நாட்டுக்கு வந்தது. முதற்கப்பல் 1833இல் கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இன்றும் நிற்கும் 'ஐஸ் ஹவுஸ்' 1842இல் அதற்காகக் கட்டப்பட்ட கிடங்குதான். இயந்திரம் கைவிட்ட இடத்தில் அந்தப் பழைய முறை கைகொடுத்தது.

ஊர் வந்ததும் பொறையாற்றிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தோம். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. வளைந்து செல்லும் குழாய்களின் அடியில் மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தது. மச்சான் அதைத் துடைக்கக் கைநீட்டினார். "தொடாதீங்க பாய், அது விஷம்" என்று மெக்கானிக் தடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஹஜ்ரத், வண்டி எங்கேயாவது சாய்ஞ்சு நின்னுச்சா?" என்று கேட்டார்.

நின்றிருந்தது. புறப்படுவதற்கு முன் ஒன்பது நாட்கள், கடற்கரைக்குப் போகும் வழியில், ஒரு பக்கச் சக்கரங்கள் மணலில் புதைந்த நிலையில்தான் வண்டி நின்றது. மளிகைச் சாமான்களும் தண்ணீர்ப் புட்டிகளும் குளிரட்டும் என்று வீட்டிலிருந்து மின்கம்பி இழுத்து, இரவும் பகலும் பெட்டியை இயக்கியிருந்தார்கள்.

மோட்டார் இல்லாத இவ்வகைப் பெட்டியின் கதை சுவையானது. 1922இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிளாட்டன், மன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் இதனை உருவாக்கினார்கள். 1925 முதல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் இதனைப் பெருமளவில் தயாரித்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டு இயங்கிய குளிர்ப்பெட்டிகளைப் பெரியவர்கள் சிலர் கண்டிருக்கலாம்; அவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அடியிலுள்ள சிறு கொதிகலத்தில் அம்மோனியா கலந்த நீர் சூடாகிறது. அம்மோனியா ஆவியாகி மேலேறி, குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் வாயு நிறைந்த குழாய்க்குள் இறங்கி, அங்கே மீண்டும் ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து கொதிகலத்துக்கே திரும்புகிறது. இவ்வளவும் நடப்பது வெப்பத்தினாலும் புவியீர்ப்பினாலும் மட்டுமே. தள்ளிவிட மோட்டார் இல்லாததால், நீர்மம் சரிவைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

பெட்டி சாய்ந்தால் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. பழைய வகைகளில் சுமார் 3 பாகைக்கு மேற்பட்ட சாய்வே ஆகாது என்பார்கள். ஓடும் வண்டியில் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடுவதால் தீங்கில்லை. ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போதுதான் நீர்மம் தேங்கி, கொதிகலம் வறண்டு, அளவுக்கு மீறிச் சூடாகிறது. குழாய்கள் துருப்பிடிக்காதிருப்பதற்காகச் சேர்க்கப்பட்ட சோடியம் குரோமேட் என்னும் உப்பு அப்போது படிந்து வழியை அடைத்துவிடுகிறது. காலப்போக்கில் குழாயும் அரிக்கப்படுகிறது. நெடி அம்மோனியாவினுடையது, மஞ்சள் பொடி அந்த உப்பு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஏற்கனவே வயதான குழாய். ஒன்பது நாள் மணற்சாய்வு அதன் கடைசி மூச்சை வாங்கிவிட்டது. விளக்கு மட்டும் எரிந்தது, ஏனெனில் விளக்குக்கு மின்சாரம் போதும்.

இனி எதை வாங்குவது என்ற ஆலோசனை தொடங்கியது. "அதே மாதிரி இன்னொண்ணு துபாயிலேர்ந்து வரவழைப்போம்" என்றார் மச்சான். கடைக்காரர் ஒருவர் காரில் வைக்கும் மலிவான 'கூலர்' பெட்டியைக் காட்டினார். மருமகனோ, "வீட்டுக்கு வாங்குற சின்ன பிரிட்ஜையே இன்வெர்ட்டர்ல ஓட்டலாம் மாமா" என்றார். மெக்கானிக் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்துச் சொன்னது எனக்கு ஒரு பாடவகுப்பாகவே அமைந்தது.

மலிவான கார் கூலர் 1834இல் பெல்ட்டியர் கண்டறிந்த மின்விளைவைக் கொண்டு இயங்குவது. வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 15 முதல் 20 டிகிரி வரைதான் அதனால் குறைக்க முடியும். வெளியில் 40 டிகிரி என்றால் உள்ளே 20 டிகிரிக்குக் குறையாது. சர்பத் குளிரும், இன்சுலினுக்கு உதவாது.

பழைய வகைப் பெட்டி எரிவாயுவில் சிக்கனமானது. நாளொன்றுக்குச் சில நூறு கிராம் போதும். ஆனால் பேட்டரியில் இயக்கினால் வெப்பக்கம்பி 10 ஆம்பியருக்குக் குறையாமல் இடைவிடாது இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 240 ஆம்பியர்-மணி! வண்டி நின்ற சில மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். ஓடும் வண்டியில் நெருப்பை எரியவிடுவதும், அதே நெருப்புடன் பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைவதும் பேராபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கோடை வெப்பத்தில் அதன் ஆற்றல் வெகுவாகக் குன்றிவிடுகிறது.

வீட்டுப் பெட்டி விலை குறைவுதான். ஆனால் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டரில் ஒரு பகுதி மின்சாரம் வீணாகும்; பெட்டி ஓய்ந்திருக்கும்போதும் இன்வெர்ட்டர் தன் பங்கை உண்டுகொண்டே இருக்கும். குலுங்கும் வண்டிக்காக அந்தப் பெட்டியின் கதவும் கீல்களும் செய்யப்படவில்லை.

நான்காவதாக ஒன்று எஞ்சியது: 12 வோல்ட்டிலேயே நேரடியாக இயங்கும் சிறு கம்ப்ரஸர் கொண்ட பெட்டி. வீட்டுப் பெட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு விலை. ஆனால் ஓடும்போது இழுப்பது 4 முதல் 5 ஆம்பியர். நம் வெயிலில் பாதி நேரம் ஓடினாலும் நாளொன்றுக்கு 50 முதல் 60 ஆம்பியர்-மணிக்குள் அடங்கும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு ஒன்றைப் பொருத்தினால், தமிழ்நாட்டின் நல்ல வெயில் நாளில் கிடைக்கும் மின்சாரமே அதற்குப் போதும். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் பொறுத்துக்கொள்ளும்.

மச்சான் 40 லிட்டர் கொள்ளளவுள்ள, மேற்புறம் திறக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். பக்கவாட்டில் திறக்கும் கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று காலடியில் கொட்டிவிடும். மேலே திறப்பதில் கிணற்று நீர்போலத் தங்கி நிற்கும். "இன்னும் பெருசா வாங்கலாமே" என்றார் மருமகன். "மருந்தும் பாலும் ரெண்டு நாள் காய்கறியும் வைக்கத்தானே? கல்யாண வூட்டுப் பிரியாணியை அதுலே ஏன் வைக்கணும்?" என்று லாத்தா முடித்துவிட்டார். தேவையை அளந்து வாங்குவதில் பெண்களுக்குள்ள தெளிவு நமக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது சுலபம் என்றுதான் நினைத்தோம். அதிலேயே இரண்டு நாள் வேலை இருந்தது. எரிவாயுக் குழாயைத் தேர்ந்தவரைக் கொண்டு மூடி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். கூரையில் இருந்த புகைபோக்கித் துளையை மழைநீர் இறங்காதவாறு அடைத்தார்கள். பக்கச் சுவரில் இருந்த காற்றுத் துளைகளை மட்டும் மூடவிடவில்லை மெக்கானிக். கம்ப்ரஸர் வெளியேற்றும் வெப்பத்துக்கு வழி வேண்டுமல்லவா? பழைய மின்கம்பி 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ளது. ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போகவரப் பத்து மீட்டர். 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். பெட்டிக்கு 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்ற பொய்ச் செய்தி கிடைத்து, அது அடிக்கடி நின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைத்தார்கள். 'புதுப் பெட்டி சரியில்லை' என்று குறை கூறுவோர் பலர் வீட்டில், குறை இருப்பது கம்பியில்தான் என்று அவர் சொன்னார்.

பழைய பெட்டியை இரும்புக்கடைக்குப் போடவும் அவர் இசையவில்லை. உடைப்பவர் அம்மோனியாவைச் சுவாசிக்க நேரும். குரோமேட் கையில் படும். 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி, குளிர்சாதனப் பெட்டியை உரிய அனுமதி பெற்றோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். இரும்புக்கு வரும் சில நூறு ரூபாய்க்காக முகம் தெரியாத ஓர் ஏழைத் தொழிலாளியின் நுரையீரலைப் பாழாக்கலாமா? மச்சான் ஒரு சொல்லும் பேசாமல் அதனைத் தனியே கட்டிவைத்தார்.

வேலை முடிந்த அன்று மாலை புதிய பெட்டியின் கம்ப்ரஸரில் இருந்த பெயரைப் படித்துவிட்டு மெக்கானிக் சிரித்தார். 12 வோல்ட்டில் இயங்கும் இவ்வகைக் கம்ப்ரஸர்களுக்குப் பெயர்பெற்றது, 1933இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டான்ஃபாஸ் நிறுவனம். 2010இல் அப்பிரிவு கைமாறி செக்கோப் என்று பெயர் பெற்றது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று 1620இல் டேனியர் கோட்டை கட்டிய ஊர் எங்கள் ஊர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். "போனவங்க பிரிட்ஜ் வழியா திரும்பி வந்துட்டாங்க ஹஜ்ரத்!" என்றார் அவர். கோட்டையின் பக்கமிருந்து வீசிய உப்புக்காற்றில் எல்லோரும் சிரித்தோம். லாத்தாவும் சிரித்தார், கீழக்கரைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

ஆனால் எங்களைக் காக்கப்போவது விலையுயர்ந்த அந்தப் பெட்டி என்று நான் நினைக்கவில்லை. பெட்டிக்குள் லாத்தா வைத்திருக்கும் சிறு வெப்பமானிதான் பெரிய காவல். சில நூறு ரூபாய்தான் விலை. காலையிலும் மாலையிலும் ஊசி போடுமுன் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறார். மருந்து டப்பாவைக் குளிர்த்தகட்டின் மீது ஒட்டி வைப்பதில்லை. உறைந்துவிடும் என்பதால் நடுவில் வைக்கிறார். திறந்த புட்டியின் மீது திறந்த தேதியை எழுதுகிறார். பயணத்தில் பாதி மருந்தைத் தனியே ஒரு குளிர்காப்புப் பையில் வைத்துக்கொள்கிறார். சர்க்கரை அளவு காரணமின்றி ஏறினால், தன் உணவை மட்டுமன்று, மருந்தையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். வண்டியை நிறுத்தியதும் மச்சான் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துச் சமன் பார்க்கிறார். புதிய பெட்டிக்கு அது தேவையில்லை என்றாலும் பழக்கம் விடவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு கிராமவாசிக்கு அறிவுறுத்திய செய்தியை மதரஸாவில் ஆண்டுதோறும் நான் கற்பித்து வருகிறேன். கயிறு எது, முடிச்சு எது என்பதை ஒவ்வொரு காலத்திலும் நாமே கண்டறிய வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் அது ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு தாயோ தமக்கையோ இருக்கக்கூடும். மின்சாரம் நின்றுபோகும் இரவுகளும் வரக்கூடும். இந்த இதழை மூடிவைத்துவிட்டு ஒருமுறை உங்கள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதாது. உள்ளே குளிர்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள்.